சந்தா முடிவதற்குள் எதைப் பார்ப்பது: கடைசி விவசாயியா, சேத்துமானா, கூழாங்கல்லா?

சோனி லிவ்வுக்கு நாம் சந்தா கட்டுவது பெரும்பாலும் ஏதோ ஒரு கிரிக்கெட் தொடருக்காக. இல்லையென்றால் ஆபீஸில் எல்லாரும் பேசிக்கொள்ளும் ஒரு வெப் சீரிஸுக்காக. அது முடிந்துவிடும், சந்தாவில் இன்னும் சில நாள் மிச்சம் இருக்கும். கட்டின காசை விடுவானேன் என்று தேட ஆரம்பித்தால், கொஞ்சம் உள்ளே தள்ளி மூன்று தமிழ்ப் படங்கள் கிடைக்கும்: கடைசி விவசாயி, சேத்துமான், கூழாங்கல். மூன்றையும் நான் அங்கேதான் பார்த்தேன். பெயரைச் சொன்னால் "ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்பார்கள். "பார்த்தீங்களா?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே ரகம்தான். மூன்றும் கிராமத்துக் கதை. மூன்றிலும் டூயட் கிடையாது, சண்டைக் காட்சி என்று தனியாக ஒன்று கிடையாது. முன்பின் கேமராவையே பார்த்திராத முகங்கள் நிறைய. 'அவார்டு படம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிட இது போதும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து போட்டால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. இருப்பது ஒரு சனிக்கிழமை ராத்திரி, பார்க்க முடிவது ஒன்றுதான் என்றால் என் ஓட்டு சேத்துமானுக்கு. விருதுக் கணக்கில் அது மூன்றாவது. பார்த்தவர்கள் பாசமாகச் சொல்கிற கணக்கில் கடைசி விவசாயிக்குப் பின்னால் நிற்கிறது. இருந்தாலும் அதுதான்.

காரணத்துக்குப் போவதற்கு முன்னால் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எது சிறந்த படம் என்று நான் இங்கே பார்க்கவில்லை. அதற்கு விழாக்களும் நடுவர்களும் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது வேறு. குக்கர் விசில் அடிக்கும், பார்சல்காரர் பெல் அடிப்பார், ஊரிலிருந்து போன் வரும். நடுவில் நிறுத்துவோம், திரும்பப் போடுவோம். வாடகைக் கேசட் காலத்தில் மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற அவசரமாவது இருந்தது. கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் வாடகை. இப்போது அதுவும் இல்லை. 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலில் சேர்த்துவிட்டு மறந்துபோகிறோம். இப்படிப்பட்ட வீட்டில் எந்தப் படம் தாக்குப்பிடிக்கும், முடிந்த பிறகு அடுத்ததையும் போடு என்று சொல்ல வைக்கும் என்பதுதான் என் அளவுகோல்.

கடைசி விவசாயியிலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் அதிகம் பேருக்குத் தெரிந்தது அதுதான். 'காக்கா முட்டை' எடுத்த மணிகண்டனின் படம். எழுத்து, ஒளிப்பதிவு, தயாரிப்பு எல்லாம் அவரே. 2022 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது, பெரிய கூட்டமில்லாமல் போனது, பிறகு ஓடிடிக்கு வந்தது. 69வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜமான விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊர் மரம் இடி விழுந்து எரிந்துபோகிறது. குலதெய்வத்துக்குக் கும்பிடு போட வேண்டும் என்று ஊர் முடிவெடுக்கிறது. சாமிக்குப் புது நெல் வேண்டும். நெல் போடுகிற ஆள் ஊரில் ஒருத்தர்தான் மிச்சம், எண்பது வயதைத் தாண்டிய மாயாண்டி. அவர் நாற்று விட்டிருக்கும் நேரத்தில் வயலில் மூன்று மயில்கள் செத்துக் கிடக்கின்றன. பாவமே என்று புதைக்கிறார். மயிலைக் கொன்றதாகக் கேஸ் ஆகி கோர்ட்டுக்குப் போகிறது.

இந்தக் கோர்ட் காட்சிகளுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். மாயாண்டிக்குக் காது மந்தம். மாஜிஸ்திரேட் அம்மா ஒன்று கேட்கிறார், இவர் தன் பாட்டுக்குப் பயிருக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டிய கவலையில் நிற்கிறார். வழக்கு பொய் என்று அந்த அம்மாவுக்குத் தெரிகிறது. ஆனாலும் எஃப்.ஐ.ஆர் போட்டாயிற்று, நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. கடைசியில் பயிருக்குத் தண்ணி பாய்ச்சப் போலீஸ்காரரை அனுப்ப வேண்டியதாகிறது. சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது. இன்னொரு இடம், கடையில் விதையில்லாத தக்காளியைப் பார்த்துவிட்டு அவர் கேட்கும் கேள்வி. அது என்ன கேள்வி என்று சொல்லமாட்டேன். கேட்ட பிறகு கடைக்காரர் முகத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியவருக்குக் காது கேக்குதோ என்னமோ, எல்லாம் புரியுதுடா" என்றார்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இதை முதலில் பரிந்துரைக்கவில்லை? நீளம் ஒரு காரணம், இரண்டே கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது. அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இறந்துபோன காதலியோடு பேசித் திரிகிற ராமையாவாக விஜய் சேதுபதி வரும் பகுதிகள் எனக்கு ஒட்டவே இல்லை. அந்தப் பாத்திரம் இயக்குநருக்கு மனசுக்கு நெருக்கமானது என்பது தெரிகிறது. ஆனால் நல்லாண்டி ஒரு வார்த்தையும் பேசாமல் வரப்பில் குந்தியிருப்பதில் வருகிற கனம், அந்தப் பகுதியில் வசனத்தால் வரவழைக்கப்படுகிறது. பெரிய நடிகர் ஒருவர் எளிமையாக நடிப்பதும், ஒரு மனிதர் தன்பாட்டுக்கு இருப்பதும் ஒரே ஃப்ரேமில் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. யோகி பாபு நிலத்தை விற்று யானை வாங்கினவராக வருகிறார். அது நன்றாகவே பொருந்துகிறது, அவரை வைத்து வலிய சிரிக்க வைக்கவில்லை.

அதேசமயம் என் அளவுகோலில் இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. நடுவில் எழுந்து போனாலும் இந்தப் படம் கோபித்துக்கொள்ளாது. பத்து நிமிஷம் போன் பேசிவிட்டு வந்தாலும் மாயாண்டி அங்கேயேதான் இருப்பார், பயிர் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அப்பா அம்மாவோடு, ஊர்க்கதை பேசிக்கொண்டே, நொறுக்குத்தீனி மென்றுகொண்டே பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சேனல் மாற்ற ஓட வேண்டிய இடம் எதுவும் கிடையாது.

கூழாங்கல் இதற்கு நேர் எதிர். எழுபத்தைந்து நிமிஷம்தான், மூன்றில் மிகச் சின்னது. ஆனால் நிறுத்தக் கூடாத படம்.

பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கியது. தமிழ்ப் படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரித்தார்கள், பின்னணி இசை யுவன் ஷங்கர் ராஜா. இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் போனது. அப்புறம் நம் வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்தது 2023 அக்டோபரில். இரண்டரை வருஷமாக வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டே காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு படத்துக்கு நல்லது செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். உலகப் புகழ் படம் என்று தலைக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, போட்டுப் பார்த்தவர்கள் "என்னப்பா, நடந்துக்கிட்டே இருக்காங்க" என்றார்கள்.

உண்மைதான், நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். குடிகார அப்பா கணபதி, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். உனக்கு என்னைப் பிடிக்குமா, உங்கம்மாவைப் பிடிக்குமா என்று பையனிடம் கேட்கிறான். போகும்போது பஸ். திரும்பும்போது பையன் காசைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் 13 கிலோமீட்டர் வெயிலில் நடை. இயக்குநரின் அக்கா கைக்குழந்தையோடு அதே மாதிரி நடந்து வந்த சம்பவத்திலிருந்து பிறந்த கதை இது.

படம் பிடித்தது மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டிச் சுற்றுவட்டாரம். டங்ஸ்டன் சுரங்கப் போராட்டத்தில் பேர் அடிபட்டதே, அதே அரிட்டாபட்டிதான். பல்லுயிர் மரபுத் தலம் என்று தமிழக அரசு 2022இல் அறிவித்த இடம். படத்தில் தெரிவது அந்தப் பசுமையும் சுனையும் இல்லை. கண் கூசுகிற பொட்டல்.

இங்கே ஒரு காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழியில் ஒரு குடும்பம் எலி பிடிக்கிறது. வளையில் புகை மூட்டுகிறார்கள், வெளியே வருவதைப் பிடிக்கிறார்கள், அங்கேயே சுட்டுத் தின்கிறார்கள். இதை வேறு ஒருத்தர் எடுத்திருந்தால் நம்மை ஐயோ பாவம் என்று சொல்ல வைத்திருப்பார். சோகமான ஒரு வயலின் வந்திருக்கும். வினோத்ராஜ் அதை ஒரு வேலையாக மட்டும் காட்டுகிறார். யார் எங்கே நிற்பது, எந்த ஓட்டையை அடைப்பது, எப்போது ஊதுவது என்று கைதேர்ந்தவர்களின் வேலை. குழந்தை பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் சாதாரணமாக நடக்கிறது. அப்பனும் மகனும் நடப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த நாம், சட்டென்று இந்த நிலத்தில் ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பிக்கிறோம். அதே மாதிரி, பையன் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வெயிலை அப்பன் முதுகில் அடிக்கிற இடம். எதிர்த்துப் பேச முடியாத பிள்ளைக்கு அவ்வளவுதான் பழிவாங்கல். வசனமே இல்லை.

ஆனால் இதெல்லாம் எப்போது வேலை செய்யும்? விடாமல் பார்த்தால். நடந்து நடந்து நமக்கே நா வறண்ட பிறகுதான் தண்ணீர்க் குழிக்கு முன்னால் குடங்களோடு காத்திருக்கும் பெண்கள் வரும் இடம் உறைக்கும். அதற்கு முன்னால் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போச்சு, வெறும் தண்ணீர் எடுக்கும் காட்சி அவ்வளவுதான். இசை அநேகமாக இல்லை. காற்று, செருப்புச் சத்தம், கத்தல்தான். போன் ஸ்பீக்கரில் அது ஒன்றும் கேட்காது. தியேட்டருக்கென்று நெய்த படம், நேராக வீட்டுக்கு வந்துவிட்டது. உயரத்திலிருந்து எடுத்த ஓரிரு ஷாட் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. பையனின் கண் மட்டத்தில் இவ்வளவு நேரம் இருந்துவிட்டு எதற்கு வானத்துக்குப் போக வேண்டும்?

இயக்குநரின் அடுத்த படமான கொட்டுக்காளியைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு ஒரு துப்பு. சூரிக்காகப் போய், முடிவைப் பார்த்துக் கடுப்பாகி வந்திருந்தால், கூழாங்கல்லைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். அந்த முடிவு பிடித்திருந்தால் இன்றைக்கே பாருங்கள். ஆனால் தனியாக, போனை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு. குடும்பத்தோடு வேண்டாம். வசவு நிறைய, அடி உதை நிறைய. அதைவிட முக்கியம், பக்கத்தில் ஒருத்தர் நெளிய ஆரம்பித்தால் நமக்கும் படம் அறுந்துவிடும்.

இப்போது சேத்துமான். கொங்குப் பக்கம் பன்றியைச் சொல்கிற பேர். பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையை எடுத்துத் தமிழ் என்பவர் இயக்கியிருக்கிறார். பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. இசை பிந்து மாலினி. 2022 மே மாதம் தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடியில் வந்தது. விழாக்களில் பாராட்டு வாங்கியது. ஆனால் கூழாங்கல் மாதிரி தலைப்புச் செய்தியாகவில்லை, கடைசி விவசாயி மாதிரி நட்சத்திரமும் இல்லை. அதனால்தானோ என்னவோ மூன்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது இதுதான்.

பூச்சியப்பன் கூடை முடைகிறவர். பேரன் குமரேசனுக்கு அப்பா அம்மா இல்லை. அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைப் படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது, அதில் ஒரு மாட்டுக்கறிப் பழி இருக்கிறது. பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும், வேறு ஆசையில்லை. அவருக்கு வேலை கொடுக்கிற பண்ணையக்காரர் வெள்ளையனுக்கோ ஒரே ஆசை, பன்றிக்கறி. வீட்டில் மனைவிக்குத் தெரிந்தால் வசவு, சாதிக்காரர்கள் முன்னால் மானப் பிரச்சினை, இருந்தாலும் நாக்கு விடவில்லை. பங்குக்கு ஆள் சேர்க்க வேண்டும், பன்றி பார்க்க வேண்டும், விலை பேச வேண்டும், காட்டுக்குள் வைத்துச் சமைக்க வேண்டும்.

கதை இவ்வளவுதான். ஒரு பன்றியைக் கறியாக்கித் தின்பது. ஆனால் இதை ஓட்டுவது ஆசை என்பதால் படம் நிற்கவே மாட்டேன் என்கிறது. கறி கிடைக்குமா, கிடைக்காதா? பங்குக்காரன் வருவானா? பெண்டாட்டிக்குத் தெரியுமா? நல்ல சிறுகதைக்கு இருக்கும் விறுவிறுப்பு. நடுவில் நிறுத்திவிட்டுப் போனாலும் என்ன ஆச்சு என்று திரும்பி வரத் தோன்றும். குக்கர் விசிலுக்கும் பெல்லுக்கும் தாக்குப்பிடிக்கிற படம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வெள்ளையனாக வரும் பிரசன்னா பாலச்சந்திரனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாத ஆள். பூச்சியப்பனோடு சரிசமமாகச் சிரித்துப் பேசுகிறான், தேவை என்றால் அடுத்த நிமிஷமே அவர் யார், தான் யார் என்று நினைவுபடுத்துகிறான். இரண்டும் ஒரே குரலில் வருகிறது. அவன் மனைவியாக வரும் சாவித்திரி வாயைத் திறந்தாலே வீடு நடுங்குகிறது. இந்த இருவரும் சண்டை போடுகிற காட்சிகளில் எங்கள் வீட்டில் சிரிக்காதவர் இல்லை. பூச்சியப்பனாக மாணிக்கம். குனிந்து கூடை முடையும்போதும் நிமிர்ந்து பேசும்போதும் குரலில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லாமல் பேசுவார். அந்தப் பணிவு பழகிப்போன பணிவு.

பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். வசனமும் பெருமாள்முருகன்தான், ஆகையால் வழக்கு எங்கேயும் வழுக்கவில்லை. கோபியிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன் கூட இருந்தார். விலை பேசும் இடத்தில், "பங்குக்கறி போடறப்ப எங்கூர்ல இப்படித்தானுங் மாப்ள, கறியவிட பேச்சுதான் அதிகம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேச்சை நிறுத்திவிட்டார். யார் எந்தப் பாத்திரத்தில் தின்பது, யார் அறுப்பது, யார் முதல் பங்கு எடுப்பது என்று படம் போகப் போக, சிரித்துக்கொண்டிருந்த விஷயமே வேறு முகம் காட்ட ஆரம்பிக்கிறது. இது ஒரு நாக்கு ருசிக் கதை என்று நம்ப வைத்து, சாதி எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிவிடுகிறார்கள். அதற்கென்று யாரும் மேடை போட்டுப் பேசவில்லை.

முழுக்கப் பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவரான சமயத்தில் கதை நடக்கிறது. டீக்கடையிலும் செய்தியிலும் அது வந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை வந்தபோது குத்தல் புரிந்தது, சரி. திரும்பத் திரும்ப வரும்போது ஆணி அடிக்கிறார்களே என்று இருந்தது. சின்ன வேடங்களில் வருகிற சிலர் ஒப்பிப்பது மாதிரி பேசுகிறார்கள். கடைசிப் பகுதி வேகமாக நடந்து முடிந்துவிடுகிறது, ஜீரணிக்க நேரம் தரவில்லை. இதை நான் குறையாகச் சொல்கிறேன். என் மகள், "அப்படித்தான்ப்பா நடக்கும், நேரம் குடுத்தா நடக்கும்?" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பன்றியைப் பிடிப்பது, அறுப்பது, வெட்டுவது எல்லாம் படத்தின் மையம். அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் படம் இல்லை. கறி அறுப்பதைப் பார்க்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் இது கஷ்டம். முடிவில் வன்முறையும் உண்டு. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கின பிறகு போடுங்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ வளர்ந்த பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கொங்கு வழக்கு வேகமாகப் போகும்போது எனக்கே சில இடங்களில் உதவியாக இருந்தது.

ஆக, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு இப்படிப் படுகிறது. கூழாங்கல் மூன்றிலும் உயர்ந்த வேலை. ஆனால் அதற்கு வேண்டிய கவனத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கடைசி விவசாயி மனசுக்கு இதமானது. கூடவே, அதைப் பார்த்துவிட்டு 'நல்ல படம்பா' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். சேத்துமானைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் அப்படித் தூங்கப் போகவில்லை. மச்சானும் மகளும் ராத்திரி வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம்தான் மறுநாள் கூழாங்கல்லைப் போட வைத்தது. முதல் படமாக நான் சேத்துமானைச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை.

பெரியவர்கள் கூட இருக்கும் வாரம் என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக் கடைசி விவசாயியை முன்னால் கொண்டுவருவேன். எழுபது வயதுக்காரர்களுக்கு அந்த மாயாண்டியைப் பார்க்கும் உரிமை நமக்கு முன்னால் உண்டு. நாம் பார்ப்பது சினிமா, அவர்கள் பார்ப்பது தெரிந்த ஆளை.

சிலர் தேன் படத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். மலையில் தேன் எடுக்கும் ஒருவனின் மனைவி நோயில் விழ, ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் அலைகிற கதை. மனசு நல்ல மனசுதான். ஆனால் அழவைத்தே தீருவேன் என்று படம் கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறது. நான் தள்ளி வைத்தேன்.

இன்னொரு பக்கம், இந்த மூன்றும் பிடித்துப்போனால் அடுத்ததாக அருண் கார்த்திக்கின் நசீர் இருக்கிறது. கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற ஒருவரின் ஒரு நாள். திலீப் குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. 2020இல் ரோட்டர்டாமில், ஆசியப் படங்களுக்குத் தருகிற நெட்பேக் விருது வாங்கியது. பழைய டிவி மாதிரி சதுரமான ஃப்ரேம். காலையில் எழுந்து தண்ணீர் பிடிப்பது, மனைவியைப் பஸ் ஏற்றிவிடுவது, கடையில் பொம்மைக்குச் சேலை கட்டுவது என்று அவ்வளவு நிதானமாகப் போகும். பின்னால் ஒலிபெருக்கியில் மத வெறுப்புப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். என் மனசில் இது கூழாங்கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் நான் பார்த்தது வேறொரு தளத்தில். இன்னொரு சந்தா. இந்தப் படங்கள் தளம் விட்டுத் தளம் தாவுவதும் உண்டு, ஆகையால் காசு கட்டுவதற்கு முன்னால் அன்றைய தேதிக்கு எது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள். ஒரு மாதச் சந்தா, நாலு பேர் மல்டிபிளெக்ஸுக்குப் போய்வரும் செலவைவிடக் குறைவுதான். இருந்தாலும் ஒரே ஒரு படத்துக்காக நான் புதுச் சந்தா கட்டமாட்டேன். அதே தளத்தில் இன்னும் ரெண்டு படமாவது பட்டியலில் தேறினால் அந்த மாதம் கட்டுவேன், நசீரை முதல் நாளே பார்த்துவிடுவேன்.